மவுஸ் இல்லாமலும் கணினி இயங்கும்: ஒற்றைக் கைக்கு ஒரு கட்டளைப் பட்டியல்

கணினி வகுப்பு எதுவானாலும் முதல் நாள் பாடம் மவுஸ்தான். "இப்படிப் பிடியுங்கள், இந்தப் படத்துக்கு மேலே கொண்டுபோங்கள், இரண்டு தரம் அழுத்துங்கள்" என்றுதான் எல்லா ஆசிரியர்களும் தொடங்குகிறார்கள். இந்தப் பாடத்துக்குப் பின்னால் ஓர் எடுகோள் இருக்கிறது. வந்திருப்பவருக்கு ஐந்து விரல் இருக்கிறது, மணிக்கட்டு திரும்புகிறது, தோள் நோகாது, கண் சிறிய அம்புக்குறியைத் தொடர்ந்து பார்க்கும் என்பதே அது. வன்னியில் அந்த எடுகோளை நம்பி ஒரு வகுப்பை நடத்த முடியாது.

கிளிநொச்சி மாவட்டத்தில் சில வருடங்களாக மாலை நேரங்களில் அடிப்படைக் கணினி பழக்கி வருகிறேன். 2009 இல் சிறுவர்களாக இருந்தவர்கள், கையையோ காலையோ இழந்தவர்கள், உடலுக்குள் இன்னமும் எறிகணைச் சிதறலுடன் வாழ்பவர்கள், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையின் கோப்பைச் சுமந்து திரியும் தாய்மார் என்று பலர் வருகிறார்கள். அவர்களில் பலருக்குத் தட்டச்சு கடினமாக இருப்பதில்லை. வலது முழங்கைக்குக் கீழே இல்லாத, இடது கையில் மூன்று விரல்கள் மட்டும் உள்ள ஒருவர் ஒரு மாதத்துக்குள் தமிழில் கடிதம் அடிக்கப் பழகிவிட்டார். அவர் சொன்னது இதுதான்: "தம்பி, எழுத்தெல்லாம் அடிக்க ஏலும். இந்த மவுஸோடதான் மாரடிக்க ஏலாமல் கிடக்கு."

அவருக்காக நான் பொருத்திக் கொடுத்த ஒரு சிறு நிரலைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. செலவு எதுவும் இல்லை. வெளிநாட்டில் இருந்து உறவினர் அனுப்பிய பழைய மடிகணினியிலும் இது ஓடும். வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால், அல்லது நீங்களே அப்படி ஒருவரானால், இதைப் படித்துவிட்டு ஊரில் கணினி தெரிந்த பிள்ளை ஒன்றைப் பிடித்து ஒரு மாலைப் பொழுதில் செய்துமுடிக்கலாம்.

மவுஸ் எங்கே தடையாகிறது

ஒரு கடிதம் எழுதுவதற்கு முன் என்ன நடக்கிறது என்று பாருங்கள். விசைப்பலகையில் இருந்து கையை எடுக்க வேண்டும். மவுஸைத் தேடிப் பிடித்து அம்புக்குறியைத் திரையின் மூலைக்குக் கொண்டுபோய் அழுத்த வேண்டும். விரியும் பட்டியலில் "அலுவலகம்" என்பதைப் பிடித்து, அம்புக்குறி வழுக்காமல் பக்கவாட்டில் நகர்த்தி, உரிய பெயரில் மறுபடி அழுத்த வேண்டும். இரண்டு கை உள்ளவருக்கு இது ஐந்து விநாடி வேலை. ஒற்றைக் கை உள்ளவருக்கு ஒவ்வொரு தரமும் கை விசைப்பலகைக்கும் மவுஸுக்கும் இடையே அலைகிறது. தோளில் காயம்பட்டவருக்கு அந்த அலைச்சலே வலி. கை நடுக்கம் உள்ளவருக்கு இரட்டை அழுத்தம் பொருளை வேறிடத்துக்கு இழுத்துப் போட்டுவிடும்.

எழுத்தை அடிக்கத் தெரிந்த ஒருவருக்கு நிரலின் பெயரையும் அடிக்கத் தெரியும். அப்படியானால் படத்தைத் தேடி அழுத்தச் சொல்லாமல் பெயரை அடிக்கச் சொன்னால் என்ன? இந்த வகை நிரல்கள் அந்த எளிய எண்ணத்தில் இருந்து பிறந்தவை.

டிமெனு என்றால் என்ன

லினக்ஸ் இயங்குதளத்தில் இதற்குப் பெயர்பெற்றது டிமெனு. 2006 இல் அன்செல்ம் கார்பே தொடங்கிய டிடபிள்யூஎம் என்ற சாளர மேலாளருக்குத் துணையாக எழுதப்பட்டது. சக்லெஸ் என்ற பெயரில் இயங்கும் நிரலாளர் குழு இதைப் பராமரிக்கிறது. கட்டற்ற மென்பொருள். இதன் முதன்மை நிரல்கோப்பு ஆயிரம் வரிகளுக்கும் உட்பட்டது. கணினியின் பின்னணியில் எப்போதும் ஓடிக்கொண்டு நினைவகத்தைத் தின்பதும் இல்லை. விசையை அழுத்தினால் எழும், வேலை முடிந்ததும் போய்விடும்.

அது செய்யும் வேலையும் ஒன்றே ஒன்றுதான். வரிக்கு ஒன்றாக எழுதப்பட்ட பெயர்களை அதனிடம் கொடுத்தால், திரையின் மேல் விளிம்பில் ஒரு பட்டையாக அவற்றைக் காட்டும். நீங்கள் எழுத்துகளை அடிக்க அடிக்கப் பொருந்தாத பெயர்கள் மறையும். என்டர் விசையை அழுத்தினால் தெரிந்தெடுத்த பெயரைத் திருப்பித் தரும். எஸ்கேப் விசையை அழுத்தினால் எதுவும் செய்யாமல் மூடிக்கொள்ளும். அந்தப் பெயரை வைத்து என்ன செய்வது என்பது டிமெனுவுக்குத் தெரியாது. அதை வேறொரு நிரல் பார்த்துக்கொள்கிறது.

அந்த வேறொரு நிரலும் கூடவே வருகிறது. அதன் பெயர் "டிமெனு ரன்". ஆங்கில எழுத்துகளில் டி-எம்-இ-என்-யு, பிறகு அடிக்கோடு, பிறகு ஆர்-யு-என் என்று இடைவெளியின்றி எழுத வேண்டும். கணினியில் கட்டளைகள் வைக்கப்பட்டிருக்கும் கோப்புறைகள் அனைத்தையும் அது பார்த்து, பெயர்களைப் பட்டியலாக டிமெனுவுக்குக் கொடுக்கும். நீங்கள் தெரிந்தெடுத்ததை வாங்கி இயக்கும். ஃபயர்ஃபொக்ஸ் உலாவியைத் திறக்க முதல் மூன்று நான்கு எழுத்துகளும் என்டரும் போதும். முழுதாகப் பொருந்தும் பெயர் முதலிலும், அடித்த எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் அடுத்தும், இடையில் அவை வரும் பெயர்கள் அதன் பின்னும் நிற்கும்.

பொருத்துவது எப்படி

டெபியன், உபுண்டு வகை லினக்ஸ்களில் டிமெனு தனிப் பொதியாக இல்லாமல் "சக்லெஸ் டூல்ஸ்" என்ற பொதிக்குள் வருகிறது. ஆங்கிலத்தில் இரண்டு சொற்களுக்கும் இடையில் சிறுகோடு இட்டுத் தேட வேண்டும். பழைய கணினிகளுக்கு நான் எக்ஸ்எஃப்சிஇ என்ற இலகுவான மேசைத்தளத்தைத்தான் போடுகிறேன். அதில் அமைப்புகளுக்குள் சென்று, விசைப்பலகை என்ற பகுதியில், நிரல் குறுக்குவிசைகள் என்ற தாளைத் திறக்க வேண்டும். அங்கே "டிமெனு ரன்" கட்டளையைச் சேர்த்து, எந்த விசைக்கு அது எழ வேண்டும் என்பதை அழுத்திக் காட்டினால் முடிந்தது.

இங்கேதான் எங்களவர்களுக்கு ஒரு மாற்றம் தேவை. இணையத்தில் உள்ள வழிகாட்டிகள் எல்லாம் ஆல்ட் விசையையோ விண்டோஸ் விசையையோ இன்னொரு எழுத்துடன் சேர்த்து அழுத்தச் சொல்லும். இரண்டு விசையை ஒரே நேரத்தில் அழுத்துவது, மூன்று விரல் உள்ளவருக்கு ஒரு சோதனை. ஆகவே ஒற்றை விசையைக் கொடுங்கள். நான் எஃப் 8 ஐக் கொடுத்தேன். ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இப்படிக் கொடுத்த விசை அதன்பின் மற்ற நிரல்களுக்குப் போய்ச் சேராது. எனவே அவர் வேறு வேலைக்குப் பாவிக்காத விசையாகவும், அவருடைய விரலுக்கு எட்டும் விசையாகவும் பார்த்துத் தெரிய வேண்டும். முதலில் அவரை விசைப்பலகைக்கு முன் இருத்தி, எந்த விசை இலகுவாக எட்டுகிறது என்று அவரையே தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அதே அமைப்புகளில் அணுகல் வசதி என்ற பகுதி உண்டு. அங்கே "ஸ்டிக்கி கீஸ்" என்பதைச் செயற்படுத்தினால், கன்ட்ரோல் விசையை அழுத்திவிட்டு விரலை எடுத்து, பிறகு எஸ் எழுத்தை அழுத்தினாலும் சேர்த்து அழுத்தியதாகவே கணினி எடுத்துக்கொள்ளும். கடிதத்தைச் சேமிக்க ஒரு விரல் போதும். "பவுன்ஸ் கீஸ்" என்பது நடுக்கத்தால் ஒரே விசை இரண்டு தரம் பட்டால் இரண்டாவதைக் கணக்கில் எடுக்காது. தவிர்க்க முடியாமல் அம்புக்குறி தேவைப்பட்டால், "மவுஸ் கீஸ்" மூலம் எண் விசைகளால் அதை நகர்த்தலாம். விண்டோஸிலும் இந்த வசதிகள் உண்டு. ஷிஃப்ட் விசையைத் தொடர்ந்து ஐந்து தரம் அழுத்தினால் ஸ்டிக்கி கீஸ் வேண்டுமா என்று அது கேட்கும்.

தமிழ் எழுத்து உடையும் இடம்

டிமெனுவுக்கு ஒரு குறை உண்டு, அது எங்களை நேரடியாகப் பாதிக்கிறது. எழுத்தைத் திரையில் வரைவதற்கு அது எக்ஸ்எஃப்டி என்ற பழைய முறையைப் பாவிக்கிறது. அந்த முறை ஒவ்வொரு குறியையும் வந்த ஒழுங்கிலேயே வைத்துவிடும். ஆங்கிலத்துக்கு அது போதும். தமிழில் "கொ" என்று எழுதினால் ஒற்றைக் கொம்பு "க"வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் நிற்க வேண்டும். கணினியின் உள்ளே முதலில் "க"வும் அதன்பின் உயிர்க்குறியும் என்றுதான் இருக்கும். அவற்றை இடம்மாற்றி ஒட்டுவதற்கு எழுத்துருவைப் புரிந்து அமைக்கும் ஒரு கருவி வேண்டும். அது டிமெனுவில் இல்லை. ஆகவே கொம்புகளும் கால்களும் இடம்மாறி, "கொடிகாமம்" என்று எழுதினால் வாசிக்க முடியாத கோலமாக வரும்.

இதற்கு மாற்று ரோஃபி என்ற நிரல். அது பாங்கோ என்ற எழுத்தமைப்பு நூலகத்தைப் பாவிப்பதால் தமிழை ஒழுங்காகக் காட்டும். லினக்ஸ் களஞ்சியங்களில் ரோஃபி என்ற பெயரிலேயே கிடைக்கிறது. டிமெனுவை விட நினைவகம் சற்றுக் கூடுதலாக எடுக்கும், ஆனால் பழைய கணினிக்குச் சுமையல்ல. டிமெனு செய்யும் வேலையையும் அது செய்யும். அதைத் தவிர "டிரன்" என்ற ஒரு முறையில் வெறும் கட்டளைப் பெயர்களைக் காட்டாமல், மேசைத்தளப் பட்டியலில் உள்ள நிரற்பெயர்களைக் காட்டும். கோப்பு மேலாளரின் கட்டளைப் பெயர் "துனார்" என்பது புதியவருக்கு எப்படித் தெரியும்? டிரன் முறையில் "கோப்பு மேலாளர்" என்றே தேடலாம். ஒருவர் அடிக்கடி திறக்கும் நிரல்களை அது நினைவில் வைத்து மேலே கொண்டுவரும். "விண்டோ" என்ற முறையில் திறந்திருக்கும் சாளரங்களைப் பட்டியலிடும். கடிதத்தில் இருந்து உலாவிக்குத் தாவவும் மவுஸ் தேவையில்லை.

எங்களுக்கென்று ஒரு பட்டியல்

என் அனுபவத்தில் பெரும் பயன் வேறிடத்தில்தான் இருந்தது. நிரற்பெயர்களுக்குப் பதிலாக எங்களுக்கு வேண்டிய வரிகளை நாங்களே எழுதிக் கொடுக்கலாம்.

வகுப்புக்கு வரும் ஓர் அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். மகனைத் தேடி அவர் ஏறிய படிகளின் பட்டியல் நீளமானது. செஞ்சிலுவைச் சங்கம், மனித உரிமைகள் ஆணைக்குழு, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2013 இல் நியமிக்கப்பட்ட காணாமற்போனோர் தொடர்பான ஜனாதிபதி ஆணைக்குழு, அதன்பின் காணாமல் போனோர் அலுவலகம். ஒவ்வொன்றிலும் ஒரு முறைப்பாடு, ஒரு இலக்கம், ஒரு பற்றுச்சீட்டு. அவை மழையில் நனைந்த பையில் இருந்தன. எல்லாவற்றையும் படமெடுத்துக் கணினியில் போட்டோம். அதன் பிறகும் ஒரு கேள்வி நின்றது. யாராவது வந்து ஒரு கடிதத்தைக் கேட்டால், கோப்புறைக்குள் கோப்புறையாகத் தேடி அதை எடுக்க அவரால் முடியுமா?

இப்போது அவருடைய கணினியில் எஃப் 8 ஐ அழுத்தினால் ஏழு வரிகள் பெரிய தமிழ் எழுத்தில் திரையின் நடுவே வரும். "1 மகனின் படம்", "2 செஞ்சிலுவைச் சங்கக் கடிதம்", "3 மனித உரிமை முறைப்பாடு" என்று போகும். அவர் 3 ஐ அழுத்தினால் அந்தக் கடிதம் திறக்கும். மொத்தம் இரண்டு விசைகள்.

இதன் உள்ளமைப்பு சிக்கலானதல்ல. ஒரு சாதாரண உரைக்கோப்பில் அந்த ஏழு வரிகளையும் வரிக்கு ஒன்றாக எழுத வேண்டும். அடுத்து பத்துப் பன்னிரண்டு வரிகளில் ஒரு ஷெல் நிரல். அது அந்த உரைக்கோப்பை ரோஃபிக்கு அனுப்பும். ரோஃபியை "டிமெனு" முறையில் அழைத்தால், கொடுத்ததைக் காட்டித் தெரிந்தெடுத்த வரியைத் திருப்பித் தரும். வந்த வரியின் முதல் எண்ணைப் பார்த்து, 1 என்றால் இந்தக் கோப்பு, 2 என்றால் அந்தக் கோப்பு என்று ஷெல் நிரல் பிரிக்கும். கோப்பைத் திறப்பதற்கு எக்ஸ்டிஜி-ஓபன் என்ற கட்டளை இருக்கிறது. படமென்றால் பட நிரலிலும், பிடிஎஃப் என்றால் அதற்குரிய நிரலிலும் அது தானாகவே திறக்கும். ஷெல் நிரல் எழுதத் தெரிந்த எந்த உயர்தரத் தொழினுட்ப மாணவனும் இதை அரை மணித்தியாலத்தில் எழுதிவிடுவான்.

இரண்டு நுணுக்கங்களை மட்டும் சொல்ல வேண்டும். முதலாவது, ரோஃபியில் "ஓட்டோ செலக்ட்" என்ற தெரிவைக் கொடுத்தால், ஒரே ஒரு வரி எஞ்சியதும் என்டர் இல்லாமலேயே அதை எடுத்துக்கொள்ளும். இரண்டாவது, வரிகளுக்குள் வேறு எண்களை எழுத வேண்டாம். "2013 ஆணைக்குழு" என்று எழுதினால் 3 ஐ அழுத்தும்போது அந்த வரியும் பொருந்தி நிற்கும். ஆண்டை நீக்கிவிட்டு ஒன்பது வரிகளுக்குள் பட்டியலை அடக்கினால் ஒவ்வொரு எண்ணும் ஒரே வரிக்குப் போகும்.

கடிதம் அடித்துக் கொடுத்து உழைக்க விரும்பும் அந்த அண்ணாவுக்கு வேறு பட்டியல். பிரதேச செயலகத்துக்கான விண்ணப்ப மாதிரி, கிராம அலுவலருக்கான கடிதம், காணி தொடர்பான முறைப்பாடு, வங்கிக் கடிதம், அச்சிடும் வரிசை, கணினியை நிறுத்துதல் என்று அவர் தொழிலுக்கு ஏற்றபடி. உலாவிக்குள் போன பிறகும் மவுஸ் தேவைப்படாதிருக்க ஒரு வழி காட்டினேன். ஃபயர்ஃபொக்ஸில் ஒற்றை மேற்கோள் குறியை அழுத்தி, இணைப்பின் முதல் எழுத்துகளை அடித்தால் அந்த இணைப்புக்குத் தாவும். என்டர் அழுத்தினால் திறக்கும்.

பார்வை இழந்தவர்களுக்கு

இதை வெளிப்படையாகச் சொல்லியாக வேண்டும். டிமெனுவும் ரோஃபியும் பார்வையற்றவருக்கு உதவாது. அவை எழுத்தைப் படம்போல வரைந்துவிடுகின்றன. திரைவாசிப்பான் அதைக் காண முடியாது, ஆகவே எதையும் உரத்துச் சொல்லாது. கண்ணில் சிதறல்பட்டுப் பார்வை இழந்தவருக்கு வேறு வழி வேண்டும். விண்டோஸ் கணினியில் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானைப் போட்டு, விண்டோஸ் விசையை அழுத்தி நிரலின் பெயரை அடிக்கப் பழக்கலாம். லினக்ஸ் என்றால் ஓர்க்கா என்ற திரைவாசிப்பானுடன் மேசைத்தளத்தின் சொந்தக் கட்டளைப் பெட்டியை ஆல்ட், எஃப் 2 கொண்டு திறக்கலாம். இரண்டிலும் ஈஸ்பீக் குரல் தமிழில் வாசிக்கும். குரல் இயந்திரத்தனமாக இருக்கும், ஆனால் சில நாட்களில் காது பழகிவிடும். பார்வை மங்கலானவருக்கு மட்டும் ரோஃபியின் எழுத்தை மிகப் பெரிதாக்கிக் கறுப்பில் மஞ்சளாக வைத்துக் கொடுக்கலாம்.

கவனிக்க வேண்டியவை

"டிமெனு ரன்" காட்டுவது கணினியில் உள்ள எல்லாக் கட்டளைகளையும். கணினியை நிறுத்தும் கட்டளையும் அதில் உண்டு. என்டர் அழுத்தினால் "நிச்சயமா?" என்று அது கேட்காது. புதிதாகப் பழகுபவருக்கு முழுப் பட்டியலைக் கொடுக்காமல், மேலே சொன்னது போன்ற சிறு பட்டியலையே கொடுங்கள்.

சில கட்டளைகள் முனையச் சாளரத்துக்குள் மட்டும் காட்சி தருபவை. அவற்றை டிமெனுவில் இருந்து அழைத்தால் எதுவும் நடக்காதது போலிருக்கும். கணினி பழுது என்று பயப்பட வேண்டாம்.

டிமெனு எக்ஸ் என்ற காட்சி முறைக்காக எழுதப்பட்டது. புதிய மேசைத்தளங்கள் சில வேலண்ட் என்ற முறைக்கு மாறிவிட்டன. அங்கே வோஃபி, ஃபஸ்ஸல் போன்ற நிரல்கள் இதே வேலையைச் செய்யும்.

இன்னொன்று எங்கள் சூழலுக்கே உரியது. ரோஃபி அடிக்கடி திறந்தவற்றை நினைவில் வைத்திருக்கும் என்று சொன்னேன். தொடர்பகம், நூலகம் போன்ற பொது இடத்துக் கணினியில் அது விரும்பத்தக்கதல்ல. வரலாற்றைச் சேமிக்காதே என்ற தெரிவு அதில் உண்டு, அதைப் போட்டுவிடுங்கள். காணாமல் ஆக்கப்பட்டோரின் ஆவணங்களைப் பொதுக் கணினியில் வைக்கவே வேண்டாம். சொந்தக் கணினியிலும் கடவுச்சொல் இருக்கட்டும், ஒரு பிரதி வேறொரு வீட்டில் இருக்கட்டும். அசலை எவருக்கும் கொடுக்க வேண்டாம்.

ஏன் இப்போது

விண்டோஸ் 10 க்கான பொது ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்தது. அதற்கு அடுத்த பதிப்பை ஏற்காத கணினிகளைப் புலம்பெயர் உறவுகள் கைமாற்றி இங்கு அனுப்புகிறார்கள். எறிவதற்கு வைத்திருந்த பொருள்தானே என்று அதைப் பார்க்க வேண்டாம். இலகுவான லினக்ஸைப் போட்டு, ஒரு பட்டியலையும் எழுதி வைத்தால் அது ஒருவருடைய தொழிற்கருவி.

இந்த நாட்டில் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், மாற்றுத்திறன் காரணமாக வேலைவாய்ப்பிலோ கல்வி அனுமதியிலோ எவருக்கும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைக்கான ஐக்கிய நாடுகள் சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. சட்டம் தாளில் இருக்கிறது. ஆனால் ஒரு நேர்முகத் தேர்வில் "இந்தக் கோப்பைத் திறந்து காட்டுங்கள்" என்று மவுஸை முன்னால் தள்ளும்போது, மூன்று விரல் உள்ளவர் தகுதியற்றவராகத் தெரிகிறார். அதே கோப்பை ஒரு விசையில் அவர் திறந்து காட்டினால், மேசைக்கு அப்பால் இருப்பவர் அவரைப் பார்க்கும் பார்வை மாறும்.

ஆகவே கணினி வகுப்பு நடத்தும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். முதல் நாள் மவுஸை ஒதுக்கி வைத்துவிட்டு வந்தவரின் கையைப் பாருங்கள். எந்த விரல் எந்த விசைக்கு எட்டுகிறது என்று கேளுங்கள். அவருக்குத் தினமும் வேண்டிய ஏழெட்டு வேலைகள் எவை என்று ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாள்தான் அவருடைய பட்டியலின் முதற்பிரதி. மிச்சத்தை நிரல் பார்த்துக்கொள்ளும்.